நீர்நாய் ஊற்றாத குடம்

மேற்கு மலைக்குக் கீழே ஒரு காட்டில், மிருகங்களெல்லாம் சேர்ந்து ஒரு மாவு மில் வைத்திருந்தன. ஆமாம் பிள்ளைகளே, மாவு மில்தான். சிரிக்காமல் கேளுங்கள்.

மில்லை நடத்தியவன் மொத்தையன் என்ற கரடி. நல்ல உழைப்பாளி, ஆனால் பிடிவாதக்காரன். பெரிய கொப்பரையில் தண்ணீரை நிரப்பிக் கீழே விறகை எரிப்பான். ஆவி சீறி வந்து சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் அரைக்கும் கல்லைச் சுழற்றும். கோடையில் மானுக்கும் அணிலுக்கும் அந்தத் தினைமாவுதான் சாப்பாடு.

கொப்பரைக்குத் தண்ணீர் வேண்டுமே. அதற்காக முறைக்குடம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு குடும்பம் மடுவிலிருந்து பத்துக் குடம் மொண்டு வந்து ஊற்ற வேண்டும். முறை தவறியவர்கள் காட்டை விட்டே போய்விட வேண்டும். கொப்பரையில் மிஞ்சிய வெந்நீரையோ மொத்தையன் சாம்பலோடு மடுவிலேயே கொட்டிவிடுவான்.

அன்று நீலி என்ற நீர்நாயின் முறை.

நீலிக்கு மூன்று குட்டிகள். மடுவின் கரைப் பொந்தில்தான் அவளுடைய வீடு. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. போன மாதம் குட்டிகள் பிடித்துத் தொங்கி நீந்தப் பழகிய வேர், இப்போது தண்ணீருக்கு மேலே வெயிலில் காய்ந்து கிடந்தது. வெந்நீர் பட்ட கெண்டைகள் நாலைந்து வயிற்றைக் காட்டி மிதந்தன. இன்னும் மூன்று நாள் இப்படி மொண்டால் மடுவே இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒன்பது குடம் ஊற்றியவள், பத்தாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொப்பரையருகே நின்றுவிட்டாள்.

"ஊத்தும்மா, ஆவி அடங்குது" என்றான் மொத்தையன்.

"ஊத்த மாட்டேன் அண்ணே."

மாவுக்காக வரிசையில் நின்ற மிருகங்கள் திரும்பிப் பார்த்தன. காட்டுக்குத் தலைவியான மாதங்கி யானை மெல்ல நடந்து வந்தாள். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை.

"முறை தவறினா என்ன ஆகும்னு தெரியுமில்ல நீலி?"

"தெரியும்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அண்ணே, நாங்க ஊத்துற தண்ணி எங்க போகுது?"

மொத்தையன் நெஞ்சை நிமிர்த்தினான். "இது தெரியாதா? ஆவியா மேல போகும், மேகமாகும், திரும்ப நம்ம மடுவுலயே மழையாக் கொட்டும். நான் என்ன தண்ணிய முழுங்கியா விடுறேன்?"

பாவம், அவன் அதை மனசார நம்பினான்.

நீலி குடத்தைக் கீழே வைத்தாள். பக்கத்து இலவ மரத்தடியில் உதிர்ந்த பஞ்சை இரண்டு கை நிறைய அள்ளி வந்து ஆவியின் மேல் வீசினாள். பஞ்சு ஆவியோடு எழும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மர உச்சியைத் தாண்டியதும் காற்று அதைப் பிடித்துக்கொண்டது. பஞ்சு மலை முகட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயே போய்விட்டது.

"ஆவியும் இப்படித்தானே போகும்? எங்கேயோ மழையாப் பெய்யும், நம்ம மடுவுக்கு வராது" என்றாள் நீலி.

மொத்தையனின் முகம் தொங்கிப்போனது. பிறகு கோபம் வந்தது. "சரி, மில்ல நிறுத்திடவா? நாளைக்கு இவங்க எதைத் தின்பாங்க?"

அதுவும் நியாயமான கேள்விதான். மான்கள் நீலியை முறைத்தன.

"அவ்வளவு தண்ணியத் தூக்கிட்டுப் போற காத்து, உங்க சக்கரத்தச் சுத்தாதா அண்ணே?"

மாதங்கி சற்று யோசித்தாள். "வெயில் முகட்டைத் தொடுறவரைக்கும் உனக்கு நேரம். அதுக்குள்ள கல்லு சுத்தணும். இல்லேன்னா குட்டிகளக் கூட்டிட்டுக் கிளம்பிடு."

மாதங்கியே சக்கரத்தைக் கழற்றி, மில்லை ஒட்டியிருந்த பாறையின் உச்சியில் நிறுத்தினாள். காட்டுக்கொடியால் அதைக் கீழே இருந்த அரைக்கும் கல்லோடு பிணைத்தார்கள். நீலி பனையோலைகளை அகலமாக விரித்துச் சக்கரத்தில் கட்டினாள். அதற்குள் காற்று நின்றுவிட்டது. ஓர் இலைகூட அசையவில்லை. வெயில் சரிந்துகொண்டே வந்தது. மொத்தையன் கொப்பரையின் தீயை அணையாமல் காத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் காற்று வந்தது. சக்கரம் நடுங்கியது, கிறீச்சிட்டது, ஆனால் சுற்றவில்லை.

"நேரமாச்சும்மா, பேசாம ஊத்து" என்றான் மொத்தையன். அவன் குரலில் இப்போது கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

வெயில் முகட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது. கீழே மடுவில் குட்டிகள் வாலை ஒருபக்கமாகச் சாய்த்துத் திரும்பித் திரும்பி நீந்துவது தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீரில் திரும்ப வேண்டுமென்றால் வாலை நேராக வைப்போமா? சாய்க்கத்தானே செய்வோம்?

பாய்ந்து பாறையில் ஏறினாள். நெட்டுக்குத்தாகக் காற்றைத் தடுத்து நின்ற ஓலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வாலைச் சாய்ப்பதுபோல் சாய்த்துக் கட்டினாள். விரல்கள் கீறி ரத்தம் வந்தது. ஏழாவது ஓலையைக் கட்டி முடிக்கும்போது சக்கரம் அவள் கையைத் தட்டிவிட்டுத் தானாகச் சுற்றியது.

கீழே கல் கடகடவென்று சுற்றியது. ஒரு மான்குட்டி கல்லுக்கு அடியில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "மாவு" என்றது.

மொத்தையன் விறுவிறுவென்று போய் நீலியின் பத்தாவது குடத்தைத் தூக்கி அடுப்பின் மேல் சாய்க்கப் போனான்.

"அண்ணே, தீயணைக்க மண்ணு போதும்" என்றாள் நீலி.

கரடி வெட்கத்தோடு குடத்தை இறக்கினான். அடுப்பில் மண்ணை அள்ளிப் போட்டான். பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் குடத்தை மடுவரை சுமந்து போய், குட்டிகள் நீந்திக்கொண்டிருந்த இடத்தில் தானே மெதுவாக ஊற்றினான்.

நீதி: காற்று சும்மா வீசிக்கொண்டிருக்க, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து வேலை வாங்குவது மடமை.