ஜமக்காளத்தில் விழுந்த நிழல்

"இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலேயே விழாதாம்ல?"

தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில், செருப்பு விடும் கடையில் யாரோ ஒரு அம்மாள் தன் கணவரிடம் சொன்னாள். அவர் டோக்கனைத் தொலைத்துவிட்ட கவலையில் காதில் வாங்கவில்லை. தையல்நாயகி வாங்கினாள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பக்கத்தில் நின்ற கோயமுத்தூர் பெரியப்பாவும் வாங்கிவிட்டார்.

"அப்படியா? அதைப் பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்," என்றார். "அது புளுகுன்னு ஆச்சுன்னா, ராத்திரி வண்டிக்கு நான் தனியாத்தான் போவேன். பொய் சொல்ற ஊர்ப் பொண்ணையெல்லாம் வீட்டுல வச்சுக்க முடியாது."

தையல்நாயகிக்குக் கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டல் என்றால் வேண்டாம், பெரியப்பா வீடு என்றால் சரி என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியப்பாவோ, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்திருந்தார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊர் காட்டும் பொறுப்பு அவருடைய மூன்று தம்பிகளுக்குப் போயிற்று. மூவரும் அறிவாளிகள், ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டவர்கள்.

கிளம்பும்போது அப்பா சொல்லியிருந்தார்: "அண்ணன் மேல வெயில் படக் கூடாது. அவர்கிட்டேருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அசந்தா உட்கார ஜமக்காளம் எடுத்துக்குங்க. நம்ம ஊர்ல அவர் எதைப் பார்க்கணும்னு சொன்னாலும் இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தம்பிகள் ஒரு சொல்லையும் சிந்தவில்லை. திருமேனி சித்தப்பா குடை பிடித்தார். ஆட்டோவுக்குள்ளும் விரித்துத்தான் பிடித்தார். சபாபதி சித்தப்பா கண்ணை எடுக்காமல், பெரியப்பாவுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தார். ஒரு பொரி வண்டி, ஒரு போலீஸ்காரர், புதுசாய்க் கல்யாணமான ஒரு ஜோடி என்று வரிசையாக மோதினார். ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவைப் பார்த்தபடியே "மன்னிச்சுக்குங்க" என்றார். பெரியப்பாவும் ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை" என்றார்.

நந்தி மண்டபத்தில் பெரியப்பா கண்ணை மூடிக் கும்பிட நின்றார். விரித்த குடையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தம்பிகள் தெற்குப் பிரகாரத்துக்கு ஓடினார்கள். தையல்நாயகியும் பின்னால் ஓடினாள்.

அங்கே கோபுர நிழல் காலை நீட்டிப் படுத்திருந்தது. பாதி ஊர் அந்த நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி, நிழல் விழாத அதிசயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"விழுந்திருக்கேடா!" என்றார் ஜமக்காளத்தைத் தோளில் சுமந்து வந்த மூத்தவர் அய்யாறு சித்தப்பா. பிறந்ததிலிருந்து கோபுரத்தை அண்ணாந்தே பார்த்துப் பழகியவர்.

"இன்னைக்குத்தான் விழுந்திருக்கணும்," என்றார் திருமேனி. "நேத்தே விழுந்திருந்தா பேப்பர்ல போட்டிருப்பானே."

"சித்தப்பா, அது தினமும் விழறதுதான்," என்றாள் தையல்நாயகி மெல்ல.

"நீ பாட்டனி படிச்சவ. செடியோட நிழலைப் பத்திக் கேட்டா சொல்லு," என்றார் திருமேனி.

சபாபதி சித்தப்பா தூரத்துப் பெரியப்பாவிடமிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எனக்குத் தெரியலை. எது மேல விழுந்திருக்கு?"

"இந்தப் பக்கம் புல்லு மேல."

"புல்லு எப்படித் தரையாகும்? அப்புறம்?"

"சுண்டல் தின்னுறவங்க மேல."

"அவங்களும் தரையில்லை. அப்புறம்?"

"நுனி மட்டும் வெறும் கல்லு மேல கிடக்குடா!"

அய்யாறும் திருமேனியும் ஜமக்காளத்தைப் பார்த்தார்கள். சபாபதி பெரியப்பாவைப் பார்த்தபடியே ஜமக்காளத்தை நினைத்தார்.

விரித்தார்கள். கலசத்தின் நிழல் சிவப்புக் கோட்டுக்கும் பச்சைக் கோட்டுக்கும் நடுவே வாகாக வந்து விழுந்தது. மூச்சு விடுவதற்குள் திருமேனி அலறினார்.

"ஐயோ, நகருதுடா! கல்லுல இறங்கப் பார்க்குது!"

ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நிழல் போகும் பக்கம் இழுத்தார்கள். நாலாவது முனை தையல்நாயகிக்கு. கூடப் படித்தவர்கள் யாரும் இன்றைக்குக் கோயிலுக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு, தலையைக் குனிந்து இழுத்தாள்.

பெரியப்பா குடையோடு வந்து சேர்ந்தார். கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்தார். கீழே பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது நிழல்தானே?"

"நிழல்தான் அண்ணே. ஆனா தரையிலயா விழுந்திருக்கு? நல்லாப் பாருங்க," என்றார் அய்யாறு.

பெரியப்பா சுலபத்தில் ஏமாறுகிற ஆள் இல்லை. குடையை மடக்காமலே மண்டியிட்டு, ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கி அடியில் தலையை விட்டார். நெடுநேரம் அப்படியே இருந்தார். தையல்நாயகிக்கு எம்.எஸ்ஸி. கண்ணெதிரே வந்து வந்து போயிற்று.

"உள்ளே இருட்டாத்தான் இருக்கு. நிழலைக் காணோம்," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

வெளியே வந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. "சும்மா சொல்லக் கூடாது. உண்மையான ஊருப்பா இது!" என்று ஜமக்காளத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நிழல் நகர நகர, நால்வரும் அவரோடு சேர்த்தே இழுத்தார்கள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு ஏக்கம் பிடித்தது. "இதைச் சொன்னா எங்க தெருவுல ஒருத்தனும் நம்ப மாட்டானே."

"அதுக்கென்ன அண்ணே, கையோட எடுத்துட்டுப் போங்க," என்றார் திருமேனி. இல்லையென்று சொல்லக் கூடாதல்லவா?

நிழல் ஜமக்காளத்தில் இருக்கும்போதே, ஒரு ஓரத்திலிருந்து பதமாகச் சுருட்டினார்கள். சபாபதி மட்டும் கவலைப்பட்டார்: "ரயில் குலுக்குற குலுக்குல சிந்திடாது?"

பெரியப்பா யோசித்தார். "பொண்ணு மடியில வச்சு, ஒரு சொட்டும் சிந்தாம கொண்டாந்து சேர்த்துட்டா, படிப்பு முடியிற வரைக்கும் நம்ம வீட்டுலேயே இருக்கட்டும்."

எல்லோரும் தையல்நாயகியைப் பார்த்தார்கள். சபாபதி சித்தப்பா பெரியப்பாவைப் பார்த்தார்.

தையல்நாயகி செருப்புக் கடைக்குப் போய் ஒரு சணல் கயிறு கேட்டு வாங்கி வந்து, ஜமக்காளத்தின் இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டினாள்.