வண்டியின் வலது பக்கம்

குரு என்றதும் தாடியும் மரத்தடியும் மூடிய கண்களும் எதிர்பார்க்கிறவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும். இங்கே குருவின் பெயர் பிலோமினா. முப்பது வயதுகூட ஆகவில்லை. வற்றிக் கிடந்த ஏரிக்குள் பொக்லைன் ஓட்டி, வண்டல் மண்ணை அள்ளி டிராக்டர்களில் போடுவது அவள் வேலை. சீடர் ஏகாம்பரத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுசை வடநாட்டு லைன் லாரியில் கழித்தவர்.

லைனுக்குப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். முன்பெல்லாம் அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது மனைவி தனபாக்கியத்துக்குத் தூக்கத்தில் வலிப்பு வருகிறது. பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காப்பாற்றிவிடலாம். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஆள் அவர் ஒருவர்தான். உள்ளூரில் வேலை கிடைத்தாக வேண்டும்.

ஏரிக்கு இரண்டாவதாக ஒரு பொக்லைன் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் காண்ட்ராக்டர் சம்பந்தத்தின் முன்னால் போய் நின்றார். சம்பந்தம் யோசித்துவிட்டு, பிலோமினாவிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். கற்ற பிறகு தானே ஒருமுறை கண்ணால் பார்ப்பாராம். திருப்தியாக இருந்தால் புது வண்டி ஏகாம்பரத்துக்கு. இல்லாவிட்டால் ஆத்தூரில் ஒருவன் தயாராக இருக்கிறான், ஒரு போன் போட்டால் போதும் என்றார்.

ஏகாம்பரத்துக்கு இதெல்லாம் சப்பென்று இருந்தது. மலைப்பாதையில் பதினாறு சக்கர வண்டியைப் பின்னுக்கு எடுத்தவருக்கு, ஏரிக்குள் தவழ்கிற வண்டி என்ன பெரிய வித்தை? பிலோமினாவைப் பார்த்ததும் கேட்டார்.

"வாத்தியாரம்மா, இதுல முதல்ல கத்துக்க வேண்டியது என்ன?"

வாத்தியாரம்மா என்பதைக் கொஞ்சம் கிண்டலாகத்தான் சொன்னார். பிலோமினா அதைக் கண்டுகொள்ளவில்லை. சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். அவரை சீட்டில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

"நான் எங்க இருக்கேன்?"

"முன்னால. டிராக்டர்கிட்ட."

"இப்ப?"

"இடது பக்கம். சக்கரச் சங்கிலிக்குப் பக்கத்துல."

"இப்ப?"

ஏகாம்பரம் வலது பக்கம் திரும்பினார். பனைமரத் தடிமனுக்கு வண்டியின் இரும்புக் கை மறைத்துக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். குரல் மட்டும் வந்தது, ஆளைக் காணோம். பின்னால் திரும்பினால் இன்ஜின் மூடிதான் தெரிந்தது. லாரியில் பின்பக்கம் தெரியாதது அவருக்குப் பழக்கம். ஆனால் அங்கே கிளீனர் பையன் தட்டித் தட்டிச் சொல்லுவான்.

"தெரியலை," என்றார்.

"அதான் முதல்ல கத்துக்க வேண்டியது," என்று எங்கிருந்தோ சொன்னாள். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் அவரைச் சும்மா நிற்க வைத்தாள். அவருக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் லிவரைக் கையில் கொடுத்தாள். இடது கை லிவரைத் தொட்டதும் வண்டியின் உடம்பு மொத்தமும் கிறுக்குப் பிடித்த மாதிரி சுழன்றது. வலது கை லிவரை இழுத்தால் பக்கெட் மண்ணைக் குத்தி, வண்டியின் முன்பக்கமே எழும்பியது. டிராக்டர்காரர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் மனுஷன் விடவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தே பழகிய கையை மெல்ல மெல்லத் தளர்த்தினார். சீக்கிரமே பக்கெட் அவர் சொன்னபடி கேட்டது. டிராக்டர் பெட்டியில் ஓரம் சிந்தாமல் மண்ணைக் கொட்டினார். அவருக்கே தன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அந்தப் பிரியத்தில் ஒருநாள், மண்ணோடு பக்கெட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, டீ குடிக்கப் புறப்பட்டார். லாரி டிரைவருக்கு ஹேண்ட்பிரேக் போட்டால் வண்டி நின்றது என்றுதான் கணக்கு.

பிலோமினா அவருடைய டிபன் கேரியரை எடுத்து, பக்கெட்டுக்கு நேர் கீழே ஒரு கல்லின்மேல் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, வாங்க போகலாம் என்றாள். என்ன விளையாட்டு இது என்று அவருக்குப் புரியவில்லை. டீ குடித்தார்கள். அப்படியே ரோடு வரை போய் டீசல் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு திரும்பினார்கள்.

கேரியர் கல்லோடு கல்லாக நசுங்கி, சாம்பார் மண்ணில் ஓடியிருந்தது.

"யாரு வண்டியைத் தொட்டது?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"யாரும் தொடலை அண்ணே. பழைய வண்டி. தூக்கி வச்சதைத் தானா இறக்கிக்கும்."

தனபாக்கியம் நடுங்கும் கையோடு கட்டிக்கொடுத்த சாப்பாடு. அந்த இடத்தில் ஒரு ஆள் நிழலுக்கு ஒதுங்கியிருந்தால் என்று நினைத்து, கயிற்றை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். பிலோமினா தன் சோற்றில் பாதியை அவருக்கு எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து அவர் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டதில் கிண்டல் இல்லை.

சம்பந்தம் பார்க்க வருகிற நாளும் வந்தது. காலையில் தனபாக்கியம் அவர் நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினாள். ஏகாம்பரத்துக்குப் பயமே இல்லை. கை பழகிவிட்டது, பார்த்தவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். பிறகென்ன?

அவர் சீட்டில் ஏறும்போது பிலோமினா கிரீஸ் கன்னோடு வண்டியின் வலது பக்கமாகப் போனாள். சம்பந்தம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர், வெயிலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, டிராக்டரைக் காட்டினார். பெட்டி காலியாக நின்றது. நிரப்பு, பார்க்கிறேன், எனக்கு வேறு சோலி இருக்கிறது என்றார்.

ஏகாம்பரம் ஹாரன் அடித்தார். முன்னால் சம்பந்தம் நிற்கிறார். டிராக்டர்காரர் தள்ளி நிற்கிறார். வாத்தியாரம்மா?

மறுபடியும் ஹாரன் அடித்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போன் போட்டார். அவளுடைய போன் சீட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்து அலறியது. லிவரில் இருந்த கையை எடுத்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"என்னய்யா, இறங்குற?" என்றார் சம்பந்தம்.

"வாத்தியாரம்மாவைக் காணோம்."

"அவ எங்கயாவது இருப்பா. நீ அள்ளு."

ஏகாம்பரம் வலது பக்கம் போனார். இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். இல்லை. வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கோரை மண்டியிருந்தது. உள்ளே குந்தியிருந்தால் வெளியே தெரியாது. வண்டி திரும்பினால் பின்பக்கம் நேராக அதற்குள்தான் அடிக்கும். கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இலை விளிம்பு கையை அறுத்தது. கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு புதராகத் தேடினார்.

சம்பந்தம் கத்துவது கேட்டது. மண் அள்ளச் சொன்னால் கோயில் மாதிரி பிரதட்சணம் வருகிறாயே, இப்படித் தொடை நடுங்கிகிட்ட வண்டியைக் கொடுத்தால் என் வேலை விளங்கின மாதிரிதான் என்று ஏதேதோ சொன்னார். கடைசியில், ஆத்தூர்க்காரனையே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார்.

ஏகாம்பரம் கோரைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தார். ஓடிப்போய் ஏறி ஒரு பக்கெட் அள்ளிக் காட்டினால் போதும், அந்த மனுஷன் திரும்பி வந்துவிடுவார். தனபாக்கியம் இருட்டில் தனியாகப் படுத்திருப்பது கண்முன் வந்தது. ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த புதரை விலக்கினார்.

அந்த நேரத்தில் கரைமேல் பிலோமினா வந்தாள். தலையில் டீசல் கேன். கிரீஸ் போடப் போனவள் டீசல் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கோரைக்குள் இருந்த ஒற்றையடிப் பாதையில் ரோட்டுக்குப் போயிருந்தாள்.

சம்பந்தம் அவளிடம் முறையிட்டுக்கொண்டே கூடவே இறங்கி வந்தார். உன் ஆள் ஒரு பக்கெட் மண்கூட அள்ளவில்லை, காணாமல் போன கன்றைத் தேடுகிற மாதிரி உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றார். சொல்லும்போதே ஆத்தூர் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தார்.

ஏகாம்பரம் கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தார். கையெல்லாம் ரத்தக் கீறல். அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது, உடனே கோபமும் வந்தது.

"நான் ரோட்டுல இருந்தேன் அண்ணே," என்றாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பிலோமினா டீசல் கேனை இறக்கினாள். டிராக்டருக்கு அப்பால், வண்டியின் கை எட்டாத தூரத்தில் கருவேல நிழல் இருந்தது. அங்கே போய், வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அள்ளுங்க அண்ணே," என்றாள் திரும்பாமலே.

ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஏறினார். ஹாரன் அடித்தார். ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணால் தேடிப் பார்த்துக்கொண்டார். இன்ஜின் உறுமியது. பக்கெட் மண்ணில் இறங்கி, நிறைந்து, மேலே எழுந்தது.

சம்பந்தத்தின் போனில் மணி போய்க்கொண்டிருந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், பிலோமினாவின் முதுகைப் பார்த்தார்.

"ஏம்மா, புது ஆளு ஓட்டுறான். இப்படி முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தா எப்படி? நீ பாக்க வேண்டாமா?"

பிலோமினா ஒரு கவளத்தை உருட்டினாள்.

"போனை வைங்க முதலாளி. நான் எதுக்குப் பாக்கணும்? அதான் அவரு பாக்குறாரே."