அணில் போட்ட இலை

குளக்கரை மருத மரத்தில் ஒரே ஒரு பொந்துதான் இருந்தது. அதற்கு ஆசைப்படாத பிராணியே அந்தக் காட்டில் இல்லை.

மழைக்காலத்துக்கு முன் அதற்காக ஒரு போட்டி நடக்கும். உச்சிக் கிளையிலிருந்து ஆளுக்கொரு இலையைக் கீழே போட வேண்டும். யாருடைய இலை முதலில் தரையைத் தொடுகிறதோ, பொந்து அவருக்கு. இலையைக் கிழிக்கக் கூடாது. அதில் எதையும் கட்டக் கூடாது. தீர்ப்புச் சொல்வது ஆமை. காலையிலேயே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடும்.

வருடா வருடம் ஜெயிப்பவர் மரநாயார். இருப்பதிலேயே கனமான இலையைத் தேடிப் பிடிப்பார். கனமானது முதலில் விழும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் அதை நம்பினார்கள்.

வரிச்சி என்ற அணில் மட்டும் நம்பவில்லை. இந்த வருடம் பொந்து அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அவளுடைய குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. கூடோ ஒரே ஓட்டை. ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

கூட்டுக்கு இலை சுமந்தவள் அவள். விரிந்த இலை வாயிலிருந்து நழுவினால் எங்கேயோ பறந்து போய் அலைக்கழிக்கும். சுருட்டிய இலை நழுவினால் நேரே கீழே கிடக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

போட்டி நாளில் மரநாயார் முறம் அகலத்துக்கு ஒரு தேக்கிலையோடு வந்தார்.

"ஏய் பொடிசு, உன் இலை எங்கே? கண்ணுக்கே தெரியலையே!"

"விழும்போது தெரியும் அண்ணே!" என்றாள் வரிச்சி. கையிலிருந்த சின்ன மருத இலையை இறுக்கிச் சுருட்டினாள்.

"போடுங்க!" என்று ஆமை கத்தியது.

தேக்கிலை இப்படியும் அப்படியும் ஆடியது. காற்றில் மிதந்து ஊர்வலம் போனது. சுருட்டிய இலை விர்ரென்று இறங்கி ஆமையின் முதுகை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது.

"அணில் ஜெயிச்சாச்சு!"

"இது ஏமாத்து வேலை! என் இலைதான் கனம்!" மரநாயார் குதித்தார்.

"கனம்தான் அண்ணே. ஆனா அவ்வளவு அகலமா விரிச்சுப் போட்டீங்க. அடியில இருந்த காத்தெல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடிச்சிடுச்சு. என் இலையைப் பிடிக்கக் காத்துக்கு இடமே இல்லை!"

"கிழியலை, எதையும் கட்டலை. தீர்ப்பு தீர்ப்புதான்!" என்றது ஆமை.

காடே கைதட்டியது. அன்று மாலையே மழை கொட்டியது. பொந்துக்குள் குட்டிகள் ஒரு சொட்டுக்கூட நனையாமல் தூங்கின. வரிச்சி வாலைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தாள்.

தன் பலத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவரைவிட, தன்னைத் தடுப்பது எது என்றும் கவனித்துப் பார்ப்பவரே வெல்வார்.