தண்ணீர் கேட்ட பிள்ளை

அந்த ஊரில் அமெரிக்காக்காரனுக்குப் பனியன் தைப்பார்கள். தைக்கிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசினால் தண்டனை கொடுப்பார்கள். இதற்காக அங்கே யாருக்கும் பெரிதாகக் கோபம் வந்ததில்லை.

தவமணிக்கு வந்தது.

அவள் பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை தேடும் செக்கிங் வேலை பார்ப்பவள். வயது நாற்பத்து மூன்று. மூன்று மாதமாக வேலை முடிந்ததும் நேராக நூல் கடை மாடிக்கு வருவாள். அங்கே பெனிட்டா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயதுதான். மாணவியை அவள் அக்கா என்பாள். மாணவி அவளை மிஸ் என்பாள்.

அன்று தவமணி நோட்டைத் திறக்கவே இல்லை.

“மிஸ், எனக்கு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. நாளைக்குள்ள மனப்பாடம் பண்ணிக்கிறேன்.”

“என்னன்னு எழுதணும்க்கா?”

“என்ற புள்ளைக்கு ஸ்கூல்ல மூக்குல ரத்தம் வந்திருக்குது. கழுவறதுக்குத் தண்ணி வேணும்னு தமிழ்ல கேட்டிருக்கா. அதுக்கு, தமிழ் பேசினேன்னு எழுதுன அட்டையைக் கழுத்துல மாட்டி, கிரவுண்டுல வெயில்ல நிறுத்திட்டாங்க. ஒரு பீரியடு பூரா. ரத்தம் மூஞ்சியிலயே காஞ்சிருக்குது.”

பெனிட்டா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கிருந்து புள்ள ஸ்கூல்ல வாயே திறக்கறதில்லீங்க. பாத்ரூம் போகோணும்னாக்கூடக் கேக்கறதில்ல. சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு வீட்டுக்கு ஓடியாறா. ஏன் இப்படிப் பண்ணுனீங்கன்னு நேத்துக் கேக்கப் போனேன். பிரின்சிபால் மேடம் பாதியிலயே நிறுத்தி, இங்கிலீஷ்ல பேசுங்க, இல்லாட்டிப் போங்கன்னுட்டாங்க. நானும் வந்துட்டேன். எதுக்குடா திரும்பி வந்தோம்னு அப்ப இருந்து வயிறு எரியுது.”

“நான் எழுதிக் குடுக்க மாட்டேன்க்கா.”

தவமணி நோட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

“எழுதிக் குடுத்தா, அந்தம்மா உங்க கேள்விய விட்டுட்டு உங்க கிராமரைத் திருத்துவாங்க. நீங்க சாரி சொல்லிட்டுத் திரும்பி வருவீங்க. தமிழ்லயே கேளுங்க.”

“தமிழ்ல கேட்டதுக்குத்தானுங்க தொரத்தி விட்டாங்க.” தவமணியின் குரல் ஏறியது. பின்பெஞ்சில் இருந்தவர்கள் படிப்பதை நிறுத்தினார்கள். “நாள் பூரா நின்னு வேலை செஞ்ச காலோட மூணு மாசமா இந்த மாடியேறி வர்றேன். ஒருநாள்கூட லீவு போட்டதில்ல. வேணுங்கற நேரத்துக்கு உதவாத இங்கிலீஷை எதுக்குங்க மிஸ் நான் படிக்கறேன்?”

நியாயமான கேள்விதான். பெனிட்டா கரும்பலகையை அழித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூல் கேட்ல நில்லுங்க. நானும் வர்றேன்.”

மறுநாள் இருவரும் பிரின்சிபால் அறைக்குப் போனார்கள். அவர் இவர்களை உட்காரச் சொல்லவில்லை. அட்டெண்டர் காபி கொண்டுவந்து வைத்தார். பிரின்சிபால் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“சர்க்கரை வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? எடுத்துட்டுப் போ. வேற போட்டுட்டு வா.”

அவ்வளவு தெளிவான தமிழ். அட்டெண்டர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பிறகுதான் பிரின்சிபால் இவர்கள் பக்கம் திரும்பினார்.

தவமணி ஒருமுறை செருமிவிட்டுப் பேசினாள்.

“மேடம், ஏழாம் வகுப்பு தாரணியோட அம்மா நான். புள்ளைக்கு ரத்தம் வந்துச்சு. தண்ணி கேட்டா. வெயில்ல நிறுத்துனீங்க. ஏன்னு எனக்குத் தெரியோணும். இனிமே எந்தப் புள்ளையையும் அப்படி நிறுத்த மாட்டோம்னு நீங்க சொல்லோணும்.”

பிரின்சிபால், ஆங்கிலத்தில் மட்டுமே பேசவும் என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பேனாவால் காட்டினார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் பேசுங்கள்.”

தவமணியின் முகம் சிவந்தது. ஆனால் நேற்றுமுன்தினம் போல அவள் வாசலைப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிரின்சிபால் பெனிட்டாவிடம் திரும்பி, இந்த அம்மாவுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். படித்த முகம் ஒன்று கிடைத்த நிம்மதி அந்தக் குரலில் இருந்தது.

பெனிட்டா ஓரடி முன்னால் வந்தாள். வகுப்பின் முதல் நாளில் பேசுவதுபோல நிதானமாக, சொல் சொல்லாகப் பிரித்து, ஆங்கிலத்தில் பேசினாள். எல்லாம் முதல் மாதத்துப் பாடத்தில் வந்த சொற்கள். தவமணிக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

“உங்களுக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன், மேடம். இந்த அம்மா சொன்னதில் எந்தச் சொல் உங்களுக்குப் புரியவில்லை? ரத்தமா, தண்ணீரா, வெயிலா?”