குளத்தில் வைத்த பந்தி

கூழாங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. செலவாகிவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊர் வெயிலுமுத்துவின் மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். போன வருடம் வந்த சம்பந்தம் தாமரை இலையால் போனது. காலையில் பறித்த இலை மதியத்துக்குள் வாடிக் கிழிந்து, சாம்பார் மடியில் வழிய, மாப்பிள்ளை வீட்டார் இலையை மடிக்காமல் பாதிப் பந்தியில் எழுந்து போனார்கள். மடிக்காமல் எழுந்தால் உறவு முறிந்ததாகத்தான் அர்த்தம்.

இந்த முறை சமையல்காரர் விவரமாகச் சொன்னார்: "பந்தி போடுத வரைக்கும் இலை தண்ணியிலயே கெடக்கட்டும்."

ஊர் கூடி யோசித்தது.

"பந்தி போட்ட பெறவு எடுத்தா வாடாதா?" என்று கேட்டான் உச்சிமாகாளி.

"வாடும்" என்றார் வெயிலுமுத்து.

"அப்ப எடுக்கவே கூடாது. இலை வராட்டா ஆளுதான் போவணும்."

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரைக் குளத்துக்குள் மார்பளவு தண்ணீரில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சொரிமுத்து கௌரவக்காரர். பந்தியில் குறை சொல்லும் பழக்கம் தங்கள் வம்சத்திலேயே இல்லை என்று சொல்லி, தோள் துண்டோடு உட்கார்ந்தார். சூடான சோறு பட்டதும் இலை கமகமவென்று மணத்தது. ரசம்தான் ஒட்டாமல் கோலிக்குண்டாக உருண்டது. அதையும் துரத்திப் பிடித்துக் குடித்தார்.

சாப்பிட்டு இலையை மடித்தார். கையை எடுத்ததும் அது விரிந்துகொண்டது. தண்டோடு இருக்கும் இலை வேறென்ன செய்யும்? விரிந்த இலையைக் கண்டால் சோறு போடுவதுதானே மரியாதை, போட்டார்கள். தின்றார், மடித்தார், விரிந்தது, போட்டார்கள். மூன்றாவது அண்டா காலியானபோது சொரிமுத்துவின் கண்கள் பிதுங்கின. இலை விரிந்திருக்க எழுந்துவிடுவாரோ என்று வெயிலுமுத்துவுக்கு உயிரே போனது. வேட்டியோடு குளத்தில் குதித்தார்.

"சம்பந்தி, மடிச்ச இலைய நான் அமுக்கிக்கிடுதேன். நீங்க எந்திரிங்க."

இலைக்கு ஓர் ஆளாக ஊரே இறங்கி அமுக்கியது. விருந்தாளிகள் ஏப்பம் விட்டு எழுந்து, எட்டாம் நாள் கல்யாணம் என்று உறுதி செய்துவிட்டுப் போனார்கள்.

கையை எடுத்தால் இலை விரியும், இலை விரிந்தால் சம்பந்தம் போகும். ஆகவே கல்யாணம் முடியும்வரை யாரும் கரையேறுவதில்லை என்று முடிவானது.

மறுநாள் வெயிலுமுத்துவின் மனைவி சடச்சி சோறு கொண்டுவந்தாள். பக்கத்தில் ஆளில்லாத இலையில் வைக்கச் சொன்னார். அவருடைய இரண்டு கையும் மடித்த இலையில் இருந்ததால், கரையில் குனிந்து அவளே ஊட்டிவிட்டாள். வயிறு நிறைந்ததும் அவர் அந்த இலையையே பார்த்தார். முகம் வாடியது.

"நம்ம வீட்டுச் சோறுதானே, மடிக்காட்டா என்ன?" என்றான் உச்சிமாகாளி.

"மடிக்காட்டா எனக்கும் இவளுக்கும் உறவு முறிஞ்சிரும்லா" என்றார் வெயிலுமுத்து.

சடச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.