நம்பர் அழிந்த தொட்டிகள்

“எவனோ என் குப்பைத் தொட்டியை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான்” என்று குடியிருப்புச் சங்கத் தலைவர் பரந்தாமன் கத்தினார்.

தொட்டி கழுவிப் பிழைக்கும் அஞ்சுகம் வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்தாள். ஆசிட் ஊற்றித் தேய்த்த தேய்ப்பில் பச்சைத் தொட்டிகளில் இருந்த வீட்டு நம்பரெல்லாம் போய்விட்டது. எது யாருடையதென்று அவளுக்கே தெரியவில்லை.

“என் தொட்டி வரலைன்னா நாளையிலிருந்து நீ இந்தப் பக்கம் வராதே.”

“உங்களுது எதுன்னு காட்டுங்க சார்.”

இருந்ததிலேயே பளபளப்பானதை அவர் தொட்டார்.

“அதுவா? மீன் செதில் ஒட்டிக்கிட்டு விடவே இல்ல. சுரண்டிச் சுரண்டி நகமே போச்சு” என்று அஞ்சுகம் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். கட்டடத்தில் யாரும் கவுச்சி சமைக்கக் கூடாதென்று சட்டம் போட்டவரே அவர்தான். இதைக் கேட்டால் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

அவர் கையை எடுப்பதற்குள் பின்னால் நின்ற மனைவி முந்திக்கொண்டாள்.

“செதிலைப் பேப்பர்ல சுத்திப் போடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டீங்களா?”

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். தான் சொன்ன பொய் எப்படி நிஜமானது என்று புரியாமல் அஞ்சுகம் விழித்தாள். ஆனாலும் பிடியை விடவில்லை.

“தொட்டியை எடுத்துக்குங்க சார். ஆனா நாளைக்கும் நான்தான் கழுவ வருவேன்னு எல்லார் முன்னாடியும் உங்க வாயாலயே சொல்லிட்டு எடுத்துக்குங்க.”