மணிக்கொரு கவளம்

மருதங்கோட்டை சமஸ்தானத்துக்கு மின்சாரம் வந்த புதிதில், பொழுது சாய்ந்தால் ஊரே இருண்டுவிடும். முன்பாவது வீட்டுக்கு வீடு அரிக்கேன் விளக்கு இருந்தது. நாகரிகம் வந்ததும் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள்.

மின்நிலையம் ஆற்றோட்டத்தில் சுழல்வது. பகலோ இரவோ, ஒரே அளவுதான் தரும். பகலில் அதைச் சீந்துவார் இல்லை. மாலையில் கடைத்தெரு, நாடகக் கொட்டகை, கோயில், அரண்மனை எல்லாம் ஒரே நேரத்தில் விளக்கைப் போடும். உடனே எல்லாம் அணையும். இன்னொரு இயந்திரம் வேண்டுமென்று மின்நிலையப் பொறியாளர் தேவசகாயம் கெஞ்சாத நாளில்லை.

திவான் வேதாசலமோ மகா மேதாவி. அவரைப் பற்றிச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வரும் ஆண்டு முழுவதும் ஊருக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று மதிப்பிட்டார். மின்நிலையம் ஆண்டு முழுவதும் தருவதும் அதே அளவுதான், பற்றாக்குறையே கிடையாது என்று சபையில் அறிவித்தார். அப்படியானால் விளக்கு ஏன் அணைகிறது என்று ராஜா மருதப்பராயர் கேட்டார். தேவசகாயம் திருடி விற்கிறார், வேறென்ன என்றார் திவான். ராஜாவுக்கு இது சுலபமாகப் புரிந்தது. பொறியாளரை மறுநாள் மாலை சிறையில் தள்ள வேண்டுமென்று அங்கேயே உத்தரவாயிற்று.

சபையில் வேடிக்கை பேசியே சம்பளம் வாங்கும் அம்பலவாணன் எழுந்தான். திவானின் மூளையை வானளாவப் புகழ்ந்தான். இப்பேர்ப்பட்ட கணக்கு அரண்மனைச் சமையலுக்கும் உதவட்டும், நாளை ஒருநாள் பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்று கேட்டான். ராஜா சம்மதித்தார்.

மறுநாள் ராஜா பல் துலக்குமுன்பே ஒரு கவளம் சோறு வந்தது. வேண்டாமென்று தள்ளினார். எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த மணிக்கு இன்னொரு கவளம். அதையும் தள்ளினார். நடுப்பகலில் வயிறு கபகபவென்று எரிய, இலை முன் உட்கார்ந்தார். அதே ஒரு கவளம்தான் விழுந்தது.

"என்னடா, பட்டினி போடுறியா?"

"நாள் பூரா சேத்துப் பாத்தா நீங்க வழக்கமா சாப்பிடற அளவு சரியா வரும் மகாராஜா. திவான் கணக்குப்படி பற்றாக்குறையே இல்லை."

"எனக்கு இப்பதான்டா பசிக்குது. காலையில தள்ளின சோத்தையாவது கொண்டா."

"ஆத்துல கொட்டியாச்சு. பகல்ல ஊருக்கு வேண்டாத மின்சாரமும் அப்படித்தான் வீணாப் போகுது. மூடி வெச்சு சாயங்காலம் எடுக்க முடியாது." அம்பலவாணன் பணிவாகக் குனிந்தான். "ஒருவேளை சோத்தைச் சமையல்காரர் திருடியிருப்பாரோ? தேவசகாயத்தோட அவரையும் உள்ள தள்ளிடலாமா?"

ராஜா இலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தேவசகாயத்தைச் சிறையில் தள்ளும் உத்தரவு ரத்தாயிற்று. அம்பலவாணன் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது. இரண்டாவது இயந்திரத்தை வரவழைக்கும் வேலை திவானிடம் ஒப்படைக்கப்பட்டது. அது ஓடத் தொடங்கும் வரை திவானுக்கு மணிக்கொரு கவளம்தான் என்றும் உத்தரவாயிற்று.

கப்பலேறி வரவேண்டிய இயந்திரம் அது. மருதங்கோட்டையில் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கோப்பும் அத்தனை வேகமாக நகர்ந்ததில்லை.